மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை மாதம் பிறந்துவிட்டால் வானூர், மரக்காணம் பக்கத்துக் கிராமங்களில் ஓர் அதிசயத்தைக் காணலாம். வருஷத்தில் பாதி நாளை மதுக்கடை வாசலிலேயே கழித்த மனிதர் ஒருவர், திடீரென்று ஒரு விடியற்காலையில் குளிர்ந்த நீரில் தலை முழுகிவிட்டு, கறுப்பு வேஷ்டியும் துளசி மணி மாலையுமாக வந்து நிற்பார். முதல் நாள் வரையில் அவரை 'டேய்' என்று கூப்பிட்டவர்கள் 'சாமி' என்பார்கள். பெற்ற தாய் 'சாமி' என்பாள். கடன் கொடுத்தவர்கூட 'சாமி' என்றுதான் கேட்பார். நாற்பத்தொரு நாள் அந்த மனிதர் ஒரு சொட்டுத் தொடமாட்டார்.

பிறகு மலைக்குப் போவார், வருவார், மாலையைக் கழற்றுவார். மறுநாள் சாயங்காலம் பழைய கடை வாசலில் பழைய கூட்டத்தோடு நிற்பார். எல்லோரும் அப்படி என்று நான் சொல்லவில்லை. மாலையோடு குடியையும் சேர்த்துக் கழற்றி எறிந்தவர்களையும் அறிவேன். ஆனால் திரும்பிப் போகிறவர்கள்தாம் அதிகம் என்பது அந்தப் பக்கத்துப் பெண்களைக் கேட்டால் தெரியும்.

இதற்கு நாம் வைத்திருக்கும் விளக்கம் மிகவும் சுலபமானது. 'மன உறுதி இல்லாத ஆசாமி' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவோம். கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். மன உறுதி இல்லாதவர் நாற்பத்தொரு நாளை எப்படிக் கடந்தார்? நாற்பத்தொரு நாள் இருந்த உறுதி நாற்பத்திரண்டாம் நாள் எங்கே போயிற்று? மாலையின் கூடவே கழன்று விழுந்ததென்றால், உறுதி அவரிடம் இருந்ததா, மாலையிடம் இருந்ததா?

கதை எழுதுகிறவனுக்கு இப்படிப்பட்ட கேள்விகள் சும்மா விடாத சுபாவம் உடையவை. இதற்குப் பதில் தேடிப் புத்தகங்களைப் புரட்டியபோது, வானூர்ப் பக்கத்தில் யாரும் கண்ணால்கூடப் பார்த்திராத ஒரு லாகிரி வஸ்துவின் சரித்திரத்துக்குள் போய் விழுந்தேன். அது கொக்கெயின்.

கள்ளுக்கும் சாராயத்துக்கும் பதில் தேடப் போனவனுக்குக் கொக்கெயினோடு என்ன உறவு என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. அபின் வகைப் பழக்கத்துக்கு மாற்று மருந்துகள் உண்டு. குடிக்குச் சில மாத்திரைகள் உண்டு. கொக்கெயின் பழக்கத்துக்கென்று அங்கீகாரம் பெற்ற மருந்து இந்த நாள் வரையில் ஒன்றும் கிடையாது. மருந்து கையில் இல்லாத இடத்தில்தான் வைத்தியர்கள், வேறு வழியில்லாமல், மனிதனையே திரும்பிப் பார்க்கத் தொடங்கினார்கள்.

தென் அமெரிக்க மலைகளில் கோக்கா என்று ஒரு செடி. அதன் இலையை அங்குள்ள குடிகள் சுண்ணாம்போடு சேர்த்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு மலை ஏறுவது நெடுநாளைய வழக்கம். நம்மவர்கள் வெற்றிலை போடுவதைப் போலத்தான். 1860ஐ ஒட்டி ஆல்பெர்ட் நீமன் என்ற ஜெர்மானிய இளைஞர் அந்த இலையிலிருந்து வெள்ளைப் பொடி ஒன்றைப் பிரித்து எடுத்தார். 1884இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற டாக்டர், அதைக் கண்ணில் விட்டால் வலி தெரியாமல் கத்தி வைக்கலாம் என்று கண்டார். மனித குலத்துக்குப் பெரிய உபகாரம் அது.

அதே 1884இல், அதே வியன்னாவில், இன்னொரு டாக்டர் கோக்காவைப் பற்றி ஒரு புகழ்ச்சிக் கட்டுரை எழுதினார். அவர் பெயர் சிக்மண்டு ஃப்ராய்டு. அவருடைய அருமை நண்பர் ஃபிளைஷல் தாங்க முடியாத வலிக்காக மார்ஃபியா போட்டுப் போட்டு அதற்கு அடிமையாகியிருந்தார். கொக்கெயினைக் கொடுத்தால் மார்ஃபியாவை மறப்பார் என்று ஃப்ராய்டு நம்பினார். நண்பர் மார்ஃபியாவையும் விடவில்லை, கொக்கெயினையும் பிடித்துக்கொண்டார். 1891இல் இறந்துபோனார். ஒரு விஷத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு விஷத்தை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அது முதல் பாடம். மனித மனத்தின் சுரங்கங்களை எல்லாம் பின்னாளில் தோண்டிப் பார்த்த மேதைக்கு வாலிபத்திலேயே கிடைத்த பாடம்.

அந்த வெள்ளைப் பொடி கப்பலேறி நம் நாட்டுக்கு வருவதற்கு அதிக காலம் பிடிக்கவில்லை. பீகாரில் உள்ள பாகல்பூரில், பல் வைத்தியத்துக்கென்று வந்ததிலிருந்து பழக்கம் பரவியது என்று ஒரு பேச்சு உண்டு. எப்படி வந்ததோ, கல்கத்தாவிலும் பம்பாயிலும் டில்லியிலும் அது நுழைந்த வாசல் ஒன்றுதான். வெற்றிலைப் பாக்குக் கடை! வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவி, பொடியைத் தூவி, மடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஆண்டிஸ் மலையில் இலையும் சுண்ணாம்புமாக இருந்தது இங்கே வெற்றிலையும் சுண்ணாம்புமாகப் புது வீடு கட்டிக்கொண்டது.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தப் பழக்கம் ஊசியோடு வரவில்லை. மேல்நாட்டு மோஸ்தரோடும் வரவில்லை. ஏற்கெனவே மனிதன் தினமும் போய் நிற்கிற கடையில், தினமும் வாயில் போடுகிற பொருளுக்குள், தினமும் பேசுகிற நண்பர்களின் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டது. பழக்கம் என்பது எப்போதும் வேறொரு பழக்கத்தின் தோளில் ஏறித்தான் ஊருக்குள் வருகிறது.

சர்க்கார் விழித்துக்கொண்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாகாணங்கள் ஒவ்வொன்றாகத் தடை விதித்தன. கடைசியில் 1930இல் அபாயகரமான மருந்துகள் சட்டம் வந்தது. கல்கத்தாவின் உஷ்ணப் பிரதேச நோய்க் கல்லூரியில் இருந்த ராம்நாத் சோப்ரா, தம் சகாவோடு சேர்ந்து 1931இல் இந்தியாவின் கொக்கெயின் பிரச்னையைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். தடையால் விலை ஏறியது. கள்ளக் கடத்தல் வளர்ந்தது. ஜெர்மனிச் சரக்கும் பின்னர் ஜப்பான் சரக்கும் துறைமுகங்களில் பிடிபட்டுக்கொண்டே இருந்தன. ஆயினும் இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அந்தப் பழக்கம் இந்தியாவில் ஏறக்குறைய இருந்த இடம் தெரியாமல் போயிற்று. கோக்கா இங்கே விளைவதில்லை. கடலைத் தாண்டி வர வேண்டிய பொருள், கடல் வழி அடைபட்டதும் நின்றுவிட்டது.

ஆகவே தடைச் சட்டத்தால் ஒன்றும் ஆகாது என்று கட்சி கட்ட நான் வரவில்லை. பொருள் தூரத்திலிருந்து வர வேண்டியதாக இருந்தால் கதவை அடைத்துப் பார்க்கலாம். வாசலில் பனைமரம் நிற்கிற ஊரில், வெல்லமும் வேலம்பட்டையும் கிடைக்கிற ஊரில், எந்தக் கதவை அடைப்பது?

அந்தக் கேள்விக்குத் தமிழ் நாட்டில்தான் பெரிய பரீட்சை நடந்தது.

1937 அக்டோபர் 1ஆம் தேதி சேலம் ஜில்லாவில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இந்தச் செய்தி எல்லோருக்கும் தெரியும். கள்ளுக் கடையால் வந்த வருமானம் போனதை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி போட்டார் என்பதும் பலருக்குத் தெரியும். அதிகம் பேசப்படாத மற்றொரு பகுதி உண்டு. கடையைச் சாத்தினால் மட்டும் போதாது, கடையில் கழிந்த மாலைப் பொழுதுக்கு ஏதாவது வழி சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள். பஜனையும் நாடகமும் விளையாட்டும் தேநீர்க் கடையும் அந்த ஏற்பாட்டில் அடங்கியிருந்தன. சென்னைப் பல்கலைக்கழகத்துப் பொருளாதாரப் பேராசிரியர் பி. ஜே. தாமஸின் மேற்பார்வையில் அந்த ஜில்லாவில் விசாரணை நடத்தி, குடும்பங்களின் வரவு செலவு எப்படி மாறியது என்றுகூடக் கணக்கெடுத்தார்கள். 1939 அக்டோபரில் காங்கிரஸ் மந்திரிசபை விலகியது. யுத்தத்தின் நடுவில், 1943இல், மதுவிலக்கே நிறுத்திவைக்கப்பட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு அதை மாகாணம் முழுவதற்கும் விரித்தவர் எங்கள் பக்கத்துக்காரர். திண்டிவனத்துக்கு அருகே உள்ள ஓமந்தூரில் பிறந்த ராமசாமி ரெட்டியார் முதலமைச்சராக இருந்தபோது, 1948 அக்டோபர் 2ஆம் தேதி, காந்தியடிகளின் பிறந்த நாளில், சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு அமலாயிற்று. இரும்பு போன்ற மனிதர். ஆனால் விதியின் விளையாட்டைப் பாருங்கள். அவருடைய சொந்த ஊரிலிருந்து புதுச்சேரிச் சாலையைப் பிடித்து நடந்தால் சில மைல் தூரத்தில் பிரெஞ்சு எல்லை. அந்தப் பக்கத்தில் மதுவிலக்கு இல்லை! 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சுக்காரர் நிர்வாகத்தை ஒப்படைத்த பிறகும் அங்கே விலக்கு வரவில்லை.

எல்லை என்றால் மலையோ ஆறோ குறுக்கே கிடப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு வயல் இந்த ராஜ்யத்தில், அடுத்த வயல் அந்த ராஜ்யத்தில் என்று கம்பளம் கிழித்துத் தைத்தது போலக் கிடக்கும் பூமி அது. இந்தக் கரையில் குடித்தால் குற்றம். வரப்பைத் தாண்டினால் வியாபாரம். வானூர்க்காரனுக்குச் சட்டம் கற்றுக்கொடுத்தது குடிக்காமல் இருப்பதை அல்ல, நடப்பதை.

பிறகு நடந்தவை யாவரும் அறிந்தவை. 1971இல் தமிழ் நாட்டில் மதுவிலக்குத் தளர்ந்தது. 1974இல் திரும்ப வந்தது. 1981இல் மறுபடியும் போயிற்று. 1983இல் டாஸ்மாக் என்னும் அரசு வாணிபக் கழகம் மொத்த வியாபாரத்துக்காகப் பிறந்தது. 2003இல் சில்லறைக் கடைகளும் அதன் கைக்கே வந்தன. கதவைச் சாத்துவதும் திறப்பதுமாக அரை நூற்றாண்டு கழிந்தது. சேலத்தில் யோசித்த அந்தச் சாயங்காலத்தை மட்டும் எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

ஆனால் உலகத்தின் மறு மூலையில் அது வேறு பெயரில் தலை எடுத்தது.

வியட்நாம் யுத்தத்தின்போது, 1971இல், அமெரிக்க சர்க்காருக்கு ஒரு பெரிய கலக்கம். அங்கே போன சாதாரணச் சிப்பாய்களில் ஐந்தில் ஒருவர் ஏறக்குறைய ஹெராயினுக்கு அடிமையாகிவிட்டிருந்தார்கள். இவர்கள் எல்லோரும் ஊர் திரும்பினால் நாடு என்னாவது? லீ ராபின்ஸ் என்ற அம்மையார் திரும்பி வந்தவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில் முதல் பத்து மாதத்துக்குள் பழையபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தாம்! காடும், துப்பாக்கியும், பயமும், பொழுது போகாத முகாமும், அதே நிலையில் இருந்த தோழர்களும் கடலுக்கு அப்பால் நின்றுவிட்டன. பழக்கத்தில் பெரும்பகுதியும் அவற்றோடு நின்றுவிட்டது.

அப்படியானால் ஆசை உடம்பில் மாத்திரம் குடியிருக்கவில்லை. அது இடத்தில் இருக்கிறது, நேரத்தில் இருக்கிறது, கூட்டத்தில் இருக்கிறது. மரக்காணத்து உப்பளத் தொழிலாளி ஒருவர் இதையே எனக்கு வேறு விதமாகச் சொன்னார். விடிவதற்கு முன்னால் பாத்தியில் இறங்கி வாரிப் பலகையால் உப்பை இழுக்கும்போது அவருக்குக் குடியின் நினைவே வராதாம். வெயில் ஏறி வேலை முடிந்து, காலைக் கழுவிக்கொண்டு சாலைக்கு வந்ததும், கால்கள் தாமாகவே ஒரு பக்கம் திரும்புமாம். மனோதத்துவ நிபுணர்கள் பெரிய பெரிய பெயர் வைத்திருக்கும் விஷயத்தை அவர் காலை வைத்துச் சொல்லிவிட்டார்.

1973இல் இல்லினாய் மாகாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் ஹண்ட், அஸ்ரின் என்ற இருவர் குடிகாரர்களிடம் ஒரு புது முறையைச் சோதித்தார்கள். குடியைப் பற்றிப் பிரசங்கம் செய்வதற்குப் பதிலாக, குடிக்காத வாழ்க்கையை ருசியுள்ளதாக ஆக்கினால் என்ன என்று பார்த்தார்கள். வேலை தேடிக் கொடுத்தார்கள். புருஷன் மனைவி சண்டையைத் தீர்த்து வைத்தார்கள். எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஒன்று. பழைய மதுக்கடை ஒன்றையே எடுத்து, மது இல்லாத சங்கமாக மாற்றினார்கள்! அதே கட்டடம், அதே சாயங்காலம், அதே சீட்டாட்டமும் பேச்சும். குடி ஒன்றுதான் இல்லை. சேலத்துப் பஜனைக்கும் தேநீர்க் கடைக்கும் அது ஒன்றுவிட்ட தம்பி அல்லவா?

1980களில் அமெரிக்காவில் கொக்கெயின் வெள்ளமாகப் புகுந்தது. மாத்திரை இல்லை, ஊசி இல்லை. வெர்மாண்டு சர்வகலாசாலையில் இருந்த ஸ்டீபன் ஹிக்கின்ஸ் என்பவர், அஸ்ரினின் முறையை எடுத்துக்கொண்டு அதோடு இன்னொன்றையும் சேர்த்தார். அது கேட்கிறவர்களைத் திடுக்கிட வைத்தது. கொக்கெயின் தொடாமல் இருக்கிறவனுக்குப் பரிசு!

வாரத்துக்கு மூன்று நாள் சிறுநீரைச் சோதிப்பார்கள். சுத்தமாக இருந்தால் அங்கேயே, அப்போதே, ஒரு சீட்டு. நிலைபெற்றுவிட்ட கணக்குப்படி முதல் சீட்டுக்கு 2.50 டாலர். அடுத்த ஒவ்வொரு தடவைக்கும் 1.25 டாலர் கூடிக்கொண்டே போகும். தொடர்ந்து மூன்று முறை சுத்தமாக இருந்தால் தனியாக 10 டாலர். ஒரு தடவை தவறினாலும் சீட்டின் மதிப்பு பழைய 2.50க்கே விழுந்துவிடும். பரம்பத ஆட்டத்தில் பாம்பு கடித்த மாதிரிதான். ஆனால் இந்த ஆட்டத்தில் ஒரு கருணை இருக்கிறது. விழுந்தவன் மறுபடி தொடர்ந்து ஐந்து முறை சுத்தமாக வந்துவிட்டால், விழுவதற்கு முன் நின்ற கட்டத்துக்கே அவனைத் தூக்கி வைத்துவிடுவார்கள். பன்னிரண்டு வாரமும் தவறாதவனுக்கு ஆயிரம் டாலருக்குச் சற்றுக் குறைவாகச் சேரும். கையில் பணமாகத் தரமாட்டார்கள். சைக்கிள் சாமான், மீன் பிடிக்கும் அனுமதிச் சீட்டு, படிப்புக்கான புத்தகம் என்று, அவனை வேறு பொழுதுக்கு அழைத்துப் போகிற பொருளாக வாங்கிக் கொடுப்பார்கள்.

1991இல் முதல் முடிவு வெளியாயிற்று. இந்த முறையில் சேர்ந்த 13 பேரில் 11 பேர் பன்னிரண்டு வாரமும் சிகிச்சையில் நிலைத்தார்கள். வழக்கமான உபதேச முறையில் சேர்ந்த 12 பேரில் நிலைத்தவர்கள் ஐந்து பேர். சிறிய கணக்குதான். 1994இல் நாற்பது பேரை இரண்டாகப் பிரித்து, இரு சாராருக்கும் ஒரே விதமான நடத்தைப் பயிற்சி கொடுத்து, ஒரு சாராருக்கு மட்டும் பரிசுச் சீட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். இருபத்து நான்கு வாரமும் நின்றவர்கள் சீட்டு உள்ள பக்கத்தில் நூற்றுக்கு 75. சீட்டு இல்லாத பக்கத்தில் 40.

'நன்றாயிருக்கிறது நியாயம்! ஒழுங்காகக் குடித்தனம் நடத்துகிறவனுக்கு ஒன்றும் இல்லை. குடித்துக் கெட்டவன் ஒரு நாள் குடிக்காமல் இருந்தால் அவனுக்குச் சன்மானமா?' என்று உங்கள் வீட்டில் கேட்பார்கள். என் வீட்டிலும் கேட்டார்கள். நியாயமான கோபம்தான். அமெரிக்காவிலும் இதே கோபத்தால்தான் இந்த முறை பல ஆண்டுகள் பரவாமல் கிடந்தது. ஆனால் குடிப்பவனின் பக்கத்திலிருந்து கணக்கைப் பாருங்கள். கடையில் அவனுக்குக் கிடைக்கும் சுகம் கை மேல் பலன். பத்து நிமிஷத்தில் ஏறிவிடும். குடியை விட்டால் கிடைப்பதாக நாம் சொல்லும் சுகமோ? ஈரல் நன்றாயிருக்கும், பெண்ணுக்குக் கல்யாணம் ஆகும், கடன் அடையும். எல்லாம் வருஷக் கணக்கில் தூரத்தில் நிற்பவை. பத்து நிமிஷத்துக்கும் பத்து வருஷத்துக்கும் நடக்கிற போட்டியில் எது ஜெயிக்கும்? ஹிக்கின்ஸ் செய்ததெல்லாம், குடிக்காததன் பலனையும் கை மேல் பலனாக ஆக்கியதுதான்.

பரிசு பெரியதாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கனெக்டிகட் சர்வகலாசாலையில் நான்சி பெட்ரி என்பவர் 2000இல் ஒரு மலிவான வழியைக் காட்டினார். ஒரு கிண்ணம் நிறையச் சீட்டுகள். சோதனையில் தேறியவன் அதிலிருந்து எடுக்கலாம். பல சீட்டுகளில் 'சபாஷ்' என்ற ஒரு வார்த்தைதான் இருக்கும். சிலவற்றில் சிறு சாமான். ஏதோ ஒன்றில் தொலைக்காட்சிப் பெட்டி. திருவிழாக் கடையில் லக்கி பிரைஸ் சீட்டு இழுத்தவர்களுக்கு இதன் கவர்ச்சியைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2011 முதல் அமெரிக்க முன்னாள் ராணுவத்தினரின் ஆஸ்பத்திரிகளே இந்த முறையைப் பரப்பத் தொடங்கின.

குறை இல்லையா? உண்டு, பெரிய குறை. சீட்டு நின்ற பிறகு பலனும் மெல்ல மெல்லக் குறைகிறது. பன்னிரண்டு வாரம் நல்லவனாக இருந்தவன் பதின்மூன்றாவது வாரம் எந்தத் தெருவுக்குத் திரும்பிப் போகிறான் என்பதுதான் பிறகு எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

இங்கே வந்ததும் எனக்கு நம் சாமியின் ஞாபகம் வந்தது. மாலை போட்ட மனிதருக்கு நடந்ததை இப்போது எண்ணிப் பாருங்கள். விழிக்கும் நேரம் மாறியது. வேறு வேஷ்டி வந்தது. குருசாமியும் சக சாமிகளுமாக வேறு கூட்டம் வந்தது. சாயங்காலத்துக்குப் பூஜையும் பஜனையும் வந்தன. ஊரே கண்காணிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு நாளும் காலையிலிருந்து இரவு வரையில், கேட்கும் இடமெல்லாம் 'சாமி' என்ற மரியாதை. கை மேல் பலன் என்றால் இதைவிட என்ன வேண்டும்? வெர்மாண்டுக்காரர் 2.50 டாலரில் ஆரம்பித்ததை நம்மவர்கள் ஒரு சொல்லில் கொடுத்துவிட்டார்கள். மாலையைக் கழற்றிய கணத்தில் அத்தனையையும் ஒரே சமயத்தில் பிடுங்கிக்கொள்கிறோம். 'சாமி' மறுபடி 'டேய்' ஆகிறார். மறுநாள் சாயங்காலம் அவருக்குப் போக இருப்பது ஒரே இடம்.

உப்பளக்காரர்களுக்கு இதில் இன்னொரு கஷ்டமும் சேர்ந்துகொள்கிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் பாத்திகள் மூழ்கி வேலை நின்றிருக்கும். தை பிறக்கும் சமயத்தில் மாலை கழற்றுவார்கள். அளத்தில் வேலையும் தொடங்கும். கையில் காசும் புழங்கும். காவல் போகிற நாளும் காசு வருகிற நாளும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

இந்த மறுநாளைப் பற்றித் தமிழ் நாட்டில் யோசித்தவர்கள் இல்லாமல் போகவில்லை. குடிப் பழக்கத்தால் இளம் வயதிலேயே கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் அம்மையார், 1980இல் சென்னையில் அவர் பெயராலேயே டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கினார். குடியைப் பாவம் என்றும் போக்கிரித்தனம் என்றும் மட்டுமே பேசிக்கொண்டிருந்த காலம் அது. அது நோய் என்றும், நோயாளியோடு வீடும் சிகிச்சைக்கு வர வேண்டும் என்றும் அவர்கள் சொன்னார்கள். 1989இல் அந்த நிலையம் கும்பகோணத்துக்குத் தெற்கே உள்ள மஞ்சக்குடி என்ற கிராமத்துக்கே முகாமைக் கொண்டுபோயிற்று. நோயாளி ஆஸ்பத்திரிக்கு வருவதற்குப் பதிலாக ஆஸ்பத்திரி ஊருக்கு வந்தது. சுமார் பதினைந்து நாள் முகாம். மருந்து வேண்டியவருக்கு மருந்து. பிறகு பேச்சும் பயிற்சியும். மனைவிமாருக்கும் தனியாக இடம். முகாம் முடிந்த பிறகும் மாதந்தோறும் வந்து பார்க்கும் ஏற்பாடு. இதில் சூட்சுமம் எங்கே இருக்கிறது தெரியுமா? திருந்தினவன் திரும்பிப் போக வேண்டிய ஊரிலேயே அவன் திருந்துகிறான். அவனைக் குடிகாரனாகப் பார்த்த கண்களே அவன் எழுந்து நிற்பதையும் பார்க்கின்றன. மாலை கழற்றின மறுநாளும் அவனைக் 'சாமி' என்று கூப்பிட நாலு பேர் மிச்சம் இருக்கிறார்கள்.

மருந்து வேண்டியவருக்கு மருந்து என்றேனே, அதை அலட்சியமாக எண்ணிவிடக் கூடாது. பல வருஷம் கடுமையாகக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் சித்தப் பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் சில நாட்கள் டாக்டரின் பொறுப்பு. அதற்குப் பிறகு வருகிற அத்தனை நாட்களும் நம்முடைய பொறுப்பு.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2023 மே 13ஆம் தேதி, மரக்காணத்துக்கு அருகே எக்கியார்குப்பம் என்னும் மீனவர் குப்பத்தில், விஷச் சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். சாராயம் என்று அவர்கள் வாங்கிக் குடித்தது மெத்தனால்; தொழிற்சாலைகளில் உபயோகிக்கும் ரசாயனம். வாயில் சாராயம் போலத்தான் இருக்கும். உடம்புக்குள் போய் எறும்பின் விஷத்தை ஒத்த அமிலமாக மாறி, முதலில் கண்ணைக் குருடாக்கும். பிறகு உயிரைக் குடிக்கும். மறு வருஷமே, 2024 ஜூனில், கள்ளக்குறிச்சியில் அறுபது பேருக்கு மேல் அதே விதமாக இறந்தார்கள். இரண்டு தடவையும் நாடு கொந்தளித்தது. விற்றவர்களைப் பிடித்தார்கள், அதிகாரிகளை மாற்றினார்கள், இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தார்கள்.

எல்லாம் வேண்டியவைதாம். விற்றவனைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பணத்தில் மிகச் சிறு பகுதியை, இறந்தவர்கள் உயிரோடு இருந்தபோது அவர்களுடைய ஒரு சாயங்காலத்துக்காக யாராவது செலவழித்திருந்தால் என்ற நினைவு என்னை விட்டுப் போகவில்லை. கொக்கெயினுக்கு மருந்து கிடைக்காமல் திண்டாடிய டாக்டர்கள் கண்டதும், சேலத்தில் மறந்துபோனதும், மஞ்சக்குடியில் மறுபடி நினைவுக்கு வந்ததும் ஒரே விஷயம். பழக்கத்தை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாக இருக்கும். காலி இடத்தைக் காலியாகவே விட்டால் பழைய குடித்தனக்காரன் திரும்பி வருவான்.

ஓமந்தூராரின் ஊருக்கும் எக்கியார்குப்பத்துக்கும் இடையே அதிக தூரம் இல்லை. அந்த வழியில் உள்ள ஒவ்வொரு ஊரிலும் ஒரு கோயில் இருக்கிறது. ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. சாயங்காலத்தில் பூட்டிக் கிடக்கும் ஏதாவது ஒரு கட்டடம் இருக்கிறது. குருசாமிமார்களும் இருக்கிறார்கள். அவர்கள் மலையிலிருந்து திரும்பிய மறுநாள் சாயங்காலமும் ஒரு விளக்கை ஏற்றி வைத்து, 'சாமி, இன்றைக்கும் வந்துவிடுங்கள்' என்று சொல்லி அனுப்பினால் போதும். அதற்கு டாலரும் வேண்டாம், சட்டமும் வேண்டாம்.